முதிராக் கடற்காகங்கள்: முதலில் வயது, பிறகு பெயர்

கடற்காகக் கூட்டத்தில் முதிர்ந்த பறவைகளுக்குப் பெயர் சொல்வது பெரும்பாலும் கடினமில்லை. முதுகின் சாம்பல் எவ்வளவு அழுத்தம், கால் என்ன நிறம், இறக்கை நுனியில் கறுப்பும் வெள்ளையும் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தால் பாதி வேலை முடிந்துவிடும். அதே கூட்டத்தில் பழுப்பும் வெள்ளையுமாகப் புள்ளி விழுந்து நிற்கும் இளசுகளிடம்தான் எல்லோருக்கும் திணறல். கையேட்டில் இருக்கும் எந்தப் படத்தோடும் அவை அச்சாகப் பொருந்துவதில்லை.

திணறலுக்கு முதல் காரணம், எடுத்த எடுப்பில் "இது என்ன இனம்?" என்று கேட்பது. ஒரே இனத்தின் முதல் ஆண்டுப் பறவைக்கும் மூன்றாம் ஆண்டுப் பறவைக்கும் உள்ள வித்தியாசம், ஒரே வயதுள்ள இரண்டு இனங்களுக்கு இடையே இருப்பதைவிடப் பல மடங்கு பெரியது. வயதைத் தீர்மானிக்காமல் இனத்துக்குப் போனால் தவறான பக்கத்தில் தேடிக்கொண்டிருப்போம். ஆகவே வயதை முதலில் முடித்துவிடுங்கள். அதன்பின் அந்த வயதுக்குரிய படங்களை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

முதிர எத்தனை ஆண்டு

பொதுவாக உடல் பெரிதாக ஆக, முதிர்ந்த தோற்றம் வர நாளாகும். கருந்தலைக் கடற்காகம், பழுப்புத்தலைக் கடற்காகம், மெல்லலகுக் கடற்காகம் போன்ற சிறியவை இரண்டாம் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய முதிர்ந்த பறவை போல ஆகிவிடும். இவற்றை இரண்டாண்டுக் கடற்காகங்கள் என்போம். காமன் கடற்காகம், வளைய அலகுக் கடற்காகம் போன்ற நடுத்தர அளவுள்ளவை மூன்றாண்டு எடுக்கும். ஹெர்ரிங், சிறு கருமுதுகு, ஹியூக்லின், காஸ்பியன், பெருங் கருமுதுகு போன்ற பெரியவற்றுக்கு நான்கு ஆண்டு. சில தனிப்பறவைகளுக்கு ஐந்தாம் ஆண்டிலும் இறக்கையின் முன்பகுதியில் பழுப்புக் கறை மிச்சமிருக்கும்.

இதிலிருந்து ஒரு நேரடிப் பயன் உண்டு. உடல் சிறியதாக, இறக்கையில் பழுப்புப் பட்டை, வாலில் கறுப்புப் பட்டை இரண்டும் இருந்தால் அது முதலாண்டுப் பறவை என்று தயங்காமல் சொல்லலாம். பெரிய பறவையிடம் அதே அடையாளங்களைக் கண்டால் ஒன்றா, இரண்டா, சில சமயம் மூன்றா என்று இன்னும் கேட்க வேண்டியிருக்கும்.

தேதியைப் பார்க்காமல் வயது சொல்லாதீர்கள்

வட அரைக்கோளத்தில் பெரும்பாலான குஞ்சுகள் மே, ஜூன் மாதங்களில் பொரிந்து ஜூலை, ஆகஸ்டில் பறக்கத் தொடங்கும். அப்போது உடலில் உள்ள எல்லா இறகும் ஒரே சமயத்தில் முளைத்தவை. அதனால் முதுகு முழுக்க ஒரே சீராக, மீன் செதில் அடுக்கியது போல வெளிர் விளிம்புடன் இருக்கும். இது இளம்பறவைத் தோற்றம்.

கோடைக் கடைசியிலோ இலையுதிர் காலத்திலோ தலை, உடல், தோளிறகுகள் மட்டும் உதிர்ந்து புதிதாக முளைக்கும். இறக்கையும் வாலும் அப்படியே நிற்கும். இப்போது இருப்பது முதல் குளிர்காலத் தோற்றம்: புதிய முதுகு, பழைய இறக்கை. அடுத்த வசந்தத்தில், பெரிய இனங்களில் ஏப்ரல், மே வாக்கில், முழு இறகு உதிர்ப்பு தொடங்கும். இறக்கையின் வெளிப்பாதியில் உள்ள பத்து நீண்ட பறக்கும் இறகுகளான முதன்மை இறகுகளில் உடலுக்கு நெருக்கமானது முதலில் விழும், பிறகு ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் நகர்ந்து பத்தாவது வரை போகும். இது முடிய நான்கைந்து மாதம் ஆகும். அது முடிந்தால் பறவை இரண்டாம் குளிர்காலத்துக்குள் நுழைகிறது.

தென் அரைக்கோளத்தில் இனப்பெருக்கம் செய்யும் கெல்ப் கடற்காகம் போன்றவற்றுக்கு இந்தக் கணக்கை ஏறக்குறைய ஆறு மாதம் தள்ளிப் போட வேண்டும்.

குறிப்பெழுதும்போது குழப்பம் வரும் இடம் ஒன்று உண்டு. ஆய்வுக்காகப் பறவைகளின் காலில் வளையமிடுவோர் 'காலண்டர் ஆண்டு' முறையில் எழுதுவார்கள். ஜூனில் பொரிந்த பறவை டிசம்பர் 31 வரை முதல் காலண்டர் ஆண்டு, ஜனவரி 1 அன்று இரண்டாம் காலண்டர் ஆண்டு. ஆனால் பிப்ரவரியிலும் அது முதல் குளிர்காலப் பறவைதான். 'இரண்டாம் ஆண்டு' என்று மட்டும் எழுதி வைத்தால், பிறகு படிப்பவருக்கு எந்தக் கணக்கு என்று தெரியாது. எந்த முறை என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

ஒரு இறகை நெருங்கிப் பார்த்தால்

வயதைத் தீர்க்க உதவுவது இறகின் தலைமுறை. முட்டையிலிருந்து வந்தபின் முளைத்த முதல் தலைமுறை முதன்மை இறகு நுனியில் ஒடுங்கிக் கூர்மையாக இருக்கும். பழுப்பு கலந்த கறுப்பு. வசந்தத்துக்குள் வெயிலில் வெளிறி, ஓரம் பிய்ந்து, காய்ந்த ஓலை போல ஆகிவிடும். இரண்டாம் தலைமுறை இறகின் நுனி அகலமாக, உருண்டையாக இருக்கும். பெரிய கடற்காகம் ஒன்று டிசம்பரில் பழுப்பாக நிற்கிறது, இறக்கை நுனிகள் உருண்டிருக்கின்றன என்றால், முதுகில் சாம்பல் ஒரு இறகுகூட இல்லாவிட்டாலும் அது இரண்டாம் குளிர்காலப் பறவையாகத்தான் இருக்கும்.

அடுத்தது டெர்ஷியல் இறகுகள். பறவை இறக்கையை மடக்கி நிற்கும்போது, முதுகுக்கும் இறக்கை நுனிக்கும் நடுவே ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும் நாலைந்து அகன்ற இறகுகள் இவை. முதலாண்டுப் பெரிய கடற்காகங்களைப் பிரிக்க இதைவிட நல்ல இடம் நிற்கும் பறவையில் கிடையாது. ஹெர்ரிங்கில் இந்த இறகின் கரும்பழுப்பு நடுப்பகுதிக்குள் வெள்ளை விளிம்பு பல்பல்லாக வெட்டி நுழைந்திருக்கும். எலி கடித்த காகித ஓரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சிறு கருமுதுகிலும் ஹியூக்லினிலும் இறகு முழுக்கக் கருமை, நுனியைச் சுற்றி மட்டும் மெல்லிய வெளிர்க் கோடு. காஸ்பியனில் அடி முழுக்கக் கருமை, நுனியில் சற்று அகலமான, மங்கிப் படரும் வெள்ளை. ஓரத்தில் வெட்டு இருக்காது.

வெள்ளைப் பகுதியில் மெலனின் என்னும் கரு நிறமி இல்லாததால் அது கறுப்பைவிடச் சீக்கிரம் தேயும். மார்ச், ஏப்ரலில் பார்க்கும் ஹெர்ரிங்கில் அந்தப் பல்வெட்டு தேய்ந்து போய் டெர்ஷியல் ஓரமில்லாமல் தெரியலாம். அப்போது இந்த ஒரு அடையாளத்தை மட்டும் நம்பிப் பெயர் சொல்வது ஆபத்து.

நிற்கும் பறவையைப் படிக்கும் வரிசை

உருவத்திலிருந்து தொடங்குங்கள், நிறம் பின்னால் வரட்டும். பக்கத்தில் தெரிந்த இனம் எது, அதைவிடப் பெரிதா சிறிதா? தனியாக நிற்கும் கடற்காகத்தின் அளவை ஊகிக்கவே வேண்டாம். அலகின் நீளம் எவ்வளவு, கனம் எவ்வளவு, கீழலகின் நுனிக்குச் சற்று உள்ளே இருக்கும் கோணப் புடைப்பு தூக்கலாகத் தெரிகிறதா? நெற்றி செங்குத்தா, சரிவா? வாலைத் தாண்டி இறக்கை நுனி எவ்வளவு நீள்கிறது? ஆண் பறவைகளின் தலையும் அலகும் பெண்ணைவிடப் பெரியவை. ஆகவே ஒரே இனத்தின் இரண்டு பறவைகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வேறு வேறு இனம் போலவே தோன்றும்.

பிறகு தோளிறகு, டெர்ஷியல், பெரிய மூடிறகு வரிசை. பெரிய மூடிறகுகள் என்பவை மடக்கிய இறக்கையின் கீழ் விளிம்பில் வரிசையாகத் தெரிபவை. அவை வெளிறிக் கட்டம் போட்டிருந்தால் ஹெர்ரிங் பக்கம். அவற்றின் அடி கருத்து, பறக்கும்போது இறக்கையில் இரண்டாவது கருப்புப் பட்டை போலத் தெரிந்தால் சிறு கருமுதுகு, ஹியூக்லின் பக்கம்.

கால் நிறத்துக்கு முதலாண்டில் மதிப்பே இல்லை. மஞ்சள் காலுள்ள இனங்களின் இளசுகளுக்கும் கால் மங்கிய இளஞ்சிவப்புதான். மஞ்சள் மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் ஏறும். கண்ணும் அப்படியே: ஹெர்ரிங் முதலாண்டில் கருங்கண், இரண்டாம் ஆண்டிலிருந்து மெல்ல வெளிறும். அலகு முதலில் முழுக்கக் கறுப்பு, பிறகு அடிப்பகுதி வெளிறும், அதன்பின் நுனிக்கு முன்னால் கறுப்பு வளையமாகச் சுருங்கும்.

இறக்கை விரிந்தால்

நிற்கும் பறவை சொல்லாததை விரிந்த இறக்கை சொல்லும். பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, உள்பக்க முதன்மை இறகுகள். ஹெர்ரிங்கில் இவை வெளிறி, கரிய வெளி இறகுகளுக்கும் கரிய பின்விளிம்புக்கும் நடுவே ஒரு வெளிர் சன்னல் திறந்தது போலத் தூரத்திலிருந்தே தெரியும். சிறு கருமுதுகில் அந்தச் சன்னல் பெரும்பாலும் மூடியிருக்கும், இறக்கை முழுக்கக் கருமை. காஸ்பியனில் இறகின் உள்பாதி மட்டும் வெளிறியிருப்பதால், இறக்கையை முழுக்க விரித்தால் கோடுகோடாகத் தெரியும், சற்று மடக்கினால் மறைந்துவிடும்.

இரண்டாவது, வால். ஹெர்ரிங்கில் வாலின் கருப்புப் பகுதி அகலம், மேலே போகப்போகப் புள்ளியும் வரியுமாகக் கலங்கியிருக்கும். சிறு கருமுதுகிலும் காஸ்பியனிலும் பளிச்சென்ற வெள்ளைப் பிட்டத்தின்மேல் கருப்புப் பட்டை தெளிவாக வெட்டி நிற்கும். அமெரிக்க ஹெர்ரிங் இளசுக்கு வால் ஏறக்குறைய முழுக்கக் கறுப்பு, பிட்டத்திலும் அடர்ந்த பழுப்பு வரிகள்.

மூன்றாவது, இறக்கையின் அடிப்பக்கம். காஸ்பியனில் வெள்ளைபோல் வெளிறியிருக்கும், சிறு கருமுதுகில் கரும்பழுப்பு, ஹெர்ரிங் இரண்டுக்கும் நடுவே.

இந்த மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் பெயர் சொல்லலாம். காஸ்பியன் என்று எழுதும் முன் உருவமும் சேர்ந்து வர வேண்டும்: நீண்டு ஒடுங்கிய, புடைப்பு அதிகம் தெரியாத அலகு, பேரிக்காய் வடிவத் தலை, வெள்ளை முகத்தில் சிறிய கருங்கண், நீளமான மெல்லிய கால்கள், பின்கழுத்தில் சால்வை போர்த்தியது போலப் பழுப்புக் கீறல்கள். ஸ்டெப்பி கடற்காகத்தின் இளசு இதோடு மிகவும் ஒத்துப்போகும். மங்கலான ஒரே படத்தை வைத்துக்கொண்டு இரண்டையும் பிரிக்க முயல வேண்டாம்.

கிளாக்கஸ் கடற்காகம், ஐஸ்லாந்து கடற்காகத்தின் வெளிர் வகை இரண்டுக்கும் இறக்கை நுனியில் கருமையே இல்லை. அளவு குழப்பினால் அலகைப் பாருங்கள்: முதலாண்டு கிளாக்கஸில் அடி இளஞ்சிவப்பு, நுனி கறுப்பு, இரண்டும் பேனாவை மையில் தோய்த்தது போலத் தெளிவாகப் பிரிந்திருக்கும். முதல் குளிர்கால ஐஸ்லாந்தில் அலகு சிறியது, பெரும்பகுதி கருமை. வாலைத் தாண்டி நீளும் இறக்கை நுனி ஐஸ்லாந்தில் அலகைவிட நீளம், கிளாக்கஸில் குட்டை.

சிறியவை

இவற்றுக்கு வயது தேடி அலைய வேண்டாம். இறக்கையைப் பாருங்கள். முதல் குளிர்காலக் கருந்தலைக் கடற்காகத்தில் இறக்கையின் முன்விளிம்பு நுனிப்பக்கம் வெள்ளை ஆப்பு அடித்தது போல இருக்கும். பழுப்புத்தலையில் வெளி முதன்மை இறகுகள் கறுப்பு, வெள்ளைத் திட்டு அவற்றின் அடியில்தான். முதிர்ந்த பழுப்புத்தலைக்கு இறக்கை நுனியில் இருக்கும் வெள்ளைக் கண்ணாடிப் புள்ளிகள் முதலாண்டில் இருக்காது, அவற்றைத் தேடி ஏமாற வேண்டாம். உடலும் அலகும் பழுப்புத்தலைக்குக் கனம்.

மெல்லலகுக்குக் கண்ணுக்குப் பின்னால் உள்ள காதுப்புள்ளி மிக மங்கல், சில சமயம் இல்லவே இல்லை. நெற்றி நீளமாகச் சரிந்து அலகில் போய்ச் சேரும். கழுத்து நீளம். இறக்கையின் பழுப்புப் பட்டையும் கருந்தலையுடையதைவிட வெளிறியது.

வசந்தத்தில் பாதித் தலை கறுத்த பறவையைக் கண்டு முதிர்ந்தது என்று எழுதிவிடுவார்கள். வாலில் பட்டையும் இறக்கையில் பழுப்பும் இருந்தால், தலை முழுக்கக் கறுத்திருந்தாலும் அது முதல் கோடைப் பறவை.

கிட்டிவேக் இளசுக்கு விரிந்த இறக்கைகளின் குறுக்கே கறுப்பு ஆங்கில 'டபிள்யூ' வடிவம், பின்கழுத்தில் கறுப்புப் பட்டை, கறுப்பு அலகு. சின்னக் கடற்காகத்துக்கும் இதே வடிவம் உண்டு, ஆனால் அது இன்னும் சிறியது, உச்சந்தலை கருமை, இறக்கையின் பின்விளிம்பில் மங்கிய கரும்பட்டை. சபைன் இளசின் இறக்கை கறுப்பு, வெள்ளை, சாம்பல் பழுப்பு என்று மூன்று முக்கோணங்களாகப் பிரிந்திருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

பல்லாஸ்: வயதில் ஏமாற்றும் பறவை

பெரிய கருந்தலைக் கடற்காகம் என்னும் பல்லாஸ் நான்காண்டு இனம். ஆனால் முதல் குளிர்காலத்திலேயே முதுகு சாம்பலாகிவிடும். ஹெர்ரிங்கைப் பார்த்துப் பழகிய கண் அதை இரண்டாம், மூன்றாம் ஆண்டு என்று எழுதும். முதுகை விட்டு இறக்கைக்கு வாருங்கள்: மூடிறகுகளில் பழுப்பும், கண்ணாடிப் புள்ளி இல்லாத கரிய வெளி முதன்மை இறகுகளும், வெள்ளை வாலில் அகலமான, கத்தியால் நறுக்கியது போன்ற கறுப்புப் பட்டையும் இருந்தால் முதலாண்டு. நீண்டு சரியும் நெற்றி, நுனி கருத்த கனத்த அலகு, கண்ணைச் சுற்றிக் கருநிழல், அதற்கு மேலும் கீழும் வெள்ளைப் பிறை ஆகியவை இனத்தை உறுதிசெய்யும்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டு

பெரிய இனங்களின் இரண்டாம் குளிர்காலத்தில் முதுகில் முதிர்ந்த நிறச் சாம்பல் இறகுகள் அங்கங்கே வரும். மூடிறகுகளில் முதலாண்டின் பெரிய கட்டங்கள் போய், மணல் தூவியது போன்ற நுண்ணிய வரிகள் இருக்கும். அலகு அடி வெளிறும். மூன்றாம் குளிர்காலத்தில் இறக்கையின் பெரும்பகுதி சாம்பல், வாலில் கறுப்புச் சிதறல், முதன்மை மூடிறகுகளில் கரும்பழுப்பு, அலகில் கறுப்பு வளையம். இந்த வயதில் முதுகின் சாம்பல் அழுத்தம் முதிர்ந்த பறவையுடையதே என்பதால் இனம் சொல்வது எளிதாகிறது. இரண்டாம் ஆண்டில் முதுகில் ஒரே ஒரு சாம்பல் இறகு வந்திருந்தாலும் அதைத் தேடிப் பிடியுங்கள், பாதி இனங்களை அது கழித்துவிடும்.

தவறு நேரும் இடங்கள்

வெளிறல்தான் பெரிய எதிரி. ஏப்ரல், மே மாதத்தில் முதலாண்டு ஹெர்ரிங்கின் இறக்கை ஏறக்குறைய வெள்ளையாகிவிடும், கிளாக்கஸ் என்று பதிவாகும். மூடி மறைந்திருந்த இறகுப் பகுதி, இறக்கை விரியும்போது, கருமையாக வெளிப்படுகிறதா என்று பாருங்கள். வெளிறிய பறவையில் வெளிறல் திட்டுத்திட்டாக இருக்கும், இறகு நுனி கந்தலாக இருக்கும். அலகும் கிளாக்கஸ் போல இரண்டாகப் பிரிந்திருக்காது.

உதிர்ப்பு நடக்கும் கோடையில் பெரிய மூடிறகுகள் ஒட்டுமொத்தமாக விழுந்தால், அடியிலுள்ள வெண்மை வெளிப்பட்டு இறக்கையில் ஒரு வெள்ளைப் பட்டை முளைத்தது போல இருக்கும். வெளி முதன்மை இறகுகள் வளர்ந்து முடியாதபோது இறக்கை நுனி குட்டையாகத் தெரியும். அந்த மாதங்களில் இறக்கை நீளத்தை அடையாளமாக எடுக்கக் கூடாது.

உதிர்ப்புக் கணக்குக்கு ஒரு விதிவிலக்கும் உண்டு. ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழிக்கும் பால்டிக் கடற்காகங்கள் முதல் குளிர்காலத்திலேயே மூடிறகுகளையும் முதன்மை இறகுகளையும் மாற்றிவிடக் கூடியவை. அவற்றை ஹெர்ரிங் கணக்கில் வைத்தால் ஒரு வயது கூடிப்போகும்.

வெளிச்சமும் ஏமாற்றும். நேர் வெயிலில் சாம்பல் வெளிறும், பறவை பக்கவாட்டில் திரும்பினாலே அழுத்தம் மாறும். மேகமூட்டமான காலையே இதற்கு ஏற்றது. குளிரில் இறகைச் சிலிர்த்துக்கொண்ட பறவை குண்டாகவும், குளித்து நனைந்த பறவை தட்டைத் தலையோடும் தெரியும். கலப்பினங்களும் உண்டு: வட அமெரிக்க மேற்குக் கரையில் வெஸ்டர்னும் கிளாக்கஸ்-விங்டும் கலந்த பறவைகள் ஏராளம். எல்லா அடையாளமும் இரண்டு இனத்துக்கு நடுவே நிற்கும் பறவைக்குப் பெயர் திணிக்க வேண்டாம். 'பெரிய கடற்காகம், முதல் குளிர்காலம், இனம் உறுதியில்லை' என்பது முழுமையான, பயனுள்ள பதிவு.

இளம் கடற்காகம் போலவே தோன்றும் கரும்பழுப்புக் கடற்பறவைகளான ஸ்குவாக்களோடு குழம்பினால், இறக்கை விரியும்போது முதன்மை இறகுகளின் அடியில் வெள்ளை மின்னுகிறதா, பிட்டம் உடலைப் போலவே கருமையா என்று பாருங்கள். இரண்டும் ஆம் என்றால் அது கடற்காகமில்லை.

படமும் குறிப்பும்

ஒரு பறவைக்குக் குறைந்தது நான்கு கோணம் வேண்டும்: நின்ற நிலையில் முழுப் பக்கவாட்டு, இறக்கையின் மேல்பக்கம், இறக்கையின் அடிப்பக்கம், வால். நாலும் ஒரே பறவையுடையவை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். கூட்டம் எழும்பும்போது சுட்ட படத்தில் பறவை மாறிப்போவது சகஜம். இறக்கை விரியக் காத்திருக்கச் சிறந்த நேரம் குளியல். குளித்து முடித்த கடற்காகம் கரையேறியதும் நின்ற இடத்திலேயே இரண்டு மூன்று முறை எம்பி இறக்கையை அடித்து உதறும். நொடிக்கு 1/1600 அல்லது அதற்கு மேல் ஷட்டர் வேகத்தில், தொடர் படமெடுக்கும் நிலையில் கேமராவை வைத்துக்கொண்டு, தலையை நீரில் முக்கத் தொடங்கும்போதே குறிபார்த்திருங்கள். வெயிலில் வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்து வையுங்கள், வெள்ளை எரிந்துபோனால் டெர்ஷியல் விளிம்பு திரும்பக் கிடைக்காது.

காலில் வண்ண வளையம் இருந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டு அதைப் படியுங்கள்: எந்தக் கால், வளையத்தின் நிறம், எழுத்தின் நிறம், எந்தத் திசையில் எழுதியிருக்கிறது. வளையமிட்ட திட்டத்துக்கு அனுப்பினால், குஞ்சாக இருந்தபோதே வளையமிட்ட பறவையானால் பொரிந்த ஆண்டும் இடமும் தெரியவரும். பதில் வருவதற்கு முன்பே உங்கள் வயதுக் கணிப்பைத் தேதியோடு எழுதி வையுங்கள். பதில் வந்ததும் அதே படங்களை மறுபடி திறந்து, டெர்ஷியலிலிருந்து தொடங்கி எந்த இறகைத் தவறாகப் படித்தோம் என்று பாருங்கள்.